துலக்கலும் தேய்த்தலும்: பல் தூய்மையின் வரலாற்றில் கருவியும் கையும்

முன்னுரை

காலையில் எழுந்ததும் செய்யும் முதற்செயலுக்குத் தமிழில் மூன்று வினைச்சொற்கள் வழங்குகின்றன. பல் துலக்குதல், பல் விளக்குதல், பல் தேய்த்தல் என்பன அவை. முதலிரண்டும் ஒளிபெறச் செய்தல் என்னும் பொருளின. மூன்றாவது சொல், உராய்தலையும் உராய்வதால் குறைதலையும் ஒருங்கே சுட்டுவது. தேய்பிறை, தேய்மானம் ஆகிய சொற்களும் அவ்வேரினின்றே பிறந்தன. இம்மூன்று வினைகளும் சமையற் பாத்திரங்களுக்கும் உரியன என்பது கவனிக்கத்தக்கது. புளியும் சாம்பலும் இட்டுப் பித்தளைக் குடத்தைத் துலக்கிய கையே, அச்சாம்பலைத் தொட்டுப் பல்லையும் துலக்கிற்று. குடம் பளபளத்தால் வேலை முடிந்தது. பல் வெளுத்தாலும் அவ்வாறே. ஆனால், குடத்திற்கு ஈறு இல்லை.

பல்லுக்கும் ஈறுக்கும் ஊறு நேராமல் பல் துலக்குவது எவ்வாறு என்பது பல் மருத்துவர்தம் அறிவுரைக்குரிய பொருளாகவே இதுகாறும் கருதப்பட்டு வந்துள்ளது. அதற்கு ஒரு வரலாறு உண்டு என்பதையும், அவ்வரலாற்றின் முக்கியமான ஒரு கட்டத்தில் தோட்டத் தொழிலாளரான தமிழர் இடம்பெற்றுள்ளனர் என்பதையும் எடுத்துரைப்பதே இக்கட்டுரையின் நோக்கமாகும். கருவிகள் பலமுறை மாறியபோதும் அவற்றைப் பிடித்த கையின் பழக்கம் எளிதில் மாறவில்லை என்பது இங்கு முன்வைக்கப்படும் கருத்து.

குச்சியின் இலக்கணம்

இந்திய மருத்துவ நூல்கள் பற்குச்சியைப் பற்றி மிக நுட்பமாகப் பேசுகின்றன. சுசுருத சங்கிதை, குச்சியானது 12 அங்குல நீளமும் (இங்கு அங்குலம் என்பது விரற்கிடை) சுண்டுவிரற் பருமனும் உடையதாய், கணுவும் புரையும் அற்றதாய் இருத்தல் வேண்டும் என்கிறது. அதன் நுனியை மென்று மென்மையான தூரிகைபோல் ஆக்கிக்கொண்டு, ஒவ்வொரு பல்லாகத் தனித்தனியே துலக்கவேண்டும் என்றும், அவ்வாறு செய்கையில் பல்லைச் சூழ்ந்த தசைக்கு ஊறு செய்தலாகாது என்றும் அந்நூல் விதிக்கிறது. சரக சங்கிதையும் வாக்படரின் அட்டாங்க இருதயமும் இதே எச்சரிக்கையை விடுக்கின்றன. சரகர் நாளொன்றுக்கு இருவேளை துலக்கச் சொல்கிறார். வாய்ப்புண், உதடு, நாக்கு, அண்ணம் ஆகியவற்றில் நோய் உடையோர் குச்சியைத் தவிர்க்க வேண்டும் என்ற விலக்கும் உண்டு.

நுனி மென்மை, ஒவ்வொரு பல்லாகத் துலக்கல், ஈற்றைக் காத்தல், இருவேளை ஆகிய நான்கும் இன்றைய பல் மருத்துவமனைகளில் கூறப்படும் அறிவுரைகளே. இதனைக் கொண்டு நம் முன்னோர் எல்லாவற்றையும் அறிந்திருந்தனர் எனப் பெருமை பேசுவது எளிது. அது இக்கட்டுரையின் நோக்கமன்று. நூலில் எழுதப்பட்ட முறையைத் தெருவில் இருந்த எளிய மக்கள் பின்பற்றினரா என்பது வேறு வினா.

தமிழில் பதினெண்கீழ்க்கணக்கு நூல்களுள் ஒன்றான ஆசாரக்கோவை, விடியலில் எழுந்து குச்சியால் பல் துலக்கி, கண் கழுவி, பின்னர்த் தெய்வத்தைத் தொழுமாறு கூறுகிறது. அது பல் துலக்குவதற்குரிய வேளையைச் சொல்லுகிறதே அன்றி, முறையை விளக்கவில்லை. ஒழுக்க நூலுக்கு அது போதுமானது. ஆலையும் வேலையும் பல்லின் உறுதிக்கு உரியனவாக்கி, நாலடியாரையும் குறளையும் சொல்லின் உறுதிக்கு உரியனவாக்கும் பழமொழியைப் பள்ளி மாணவரும் அறிவர். இப்பழமொழியில் வரும் வேல் என்பது வேலமரம். அதனை வேம்பு என்று பொருள்கொள்வோர் இன்றும் பலர் உளர்.

இப்பகுதியில் நம் நாட்டோடு நேரடித் தொடர்புடைய ஒரு சான்றும் உண்டு. சீனத் துறவி இ-சிங் கி.பி. 671-இல் குவாங்சோவிலிருந்து கடல்வழிப் புறப்பட்டு, சிறீவிசயத்தில் தங்கி, பின்னர்க் கடாரத்தைத் தொட்டுச் சென்று, 673-இல் வங்கக் கரையிலுள்ள தாமிரலிப்தித் துறைமுகத்தை அடைந்தார். பல்லாண்டுகள் நாளந்தாவில் பயின்று திரும்பியவர், மீண்டும் சிறீவிசயத்தில் தங்கியே தம் பயணக் குறிப்புகளை எழுதி, 692-இல் தாய்நாட்டுக்கு அனுப்பினார். அந்நூலில் பற்குச்சிக்கென ஒரு தனி இயலே உள்ளது. குச்சியின் நீளம் 12 விரற்கிடை என்றும், 8-க்குக் குறையலாகாது என்றும், பருமன் சுண்டுவிரல் அளவினது என்றும் அவர் குறிப்பிடுகிறார். ஒரு முனையை நெடுநேரம் மென்று அதனால் பல்லைத் துலக்கியபின், குச்சியைப் பிளந்து வளைத்து நாக்கை வழிக்க வேண்டும் என்கிறார். இந்தியாவில் பல்வலி மிக அரிது என்றும், அதற்கு இப்பழக்கமே காரணம் என்றும் அவர் கருதினார். சீனத்தில் இதனை வில்லோ மரக்குச்சி என்று தவறாக வழங்குவதைக் கண்டித்து, அம்மரம் இந்தியாவில் அரிது எனத் திருத்தவும் செய்தார். ஓர் இந்திய வழக்கத்தைப் பற்றிய விரிவான வருணனை ஒன்று, நாம் வாழும் இம்மலாய்த் தீவுக்கூட்டத்தில் இருந்தே எழுதப்பட்டது என்பது நம் துறை சார்ந்தோர்க்கு ஆர்வமூட்டும் செய்தியாகும். மலாய் மக்களிடையே ‘சுகி’ என்னும் குச்சியால் பல் துலக்கும் வழக்கம் இசுலாமிய மரபின் வழி நிலைபெற்றது தனியே ஆராயத்தக்கது.

குச்சியிலிருந்து கரிக்கு

பத்தொன்பதாம் நூற்றாண்டிலும் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலும் மலாயாவுக்குப் புலம்பெயர்ந்த தமிழர், தம் தெய்வங்களையும் உணவையும் உடன் கொணர்ந்தனர். வேலமரத்தைக் கொணர இயலவில்லை. அது வறண்ட நிலத்து மரம். ஓயாத மழையை உடைய இந்நாட்டில் இயல்பாக வளர்வதன்று. வேம்பு நடப்பட்டு வளர்ந்ததாயினும், அது பெரும்பாலும் கோயில் மரமாகவே மதிக்கப்பட்டது. லயத்து மக்கள் அனைவருக்கும் நாள்தோறும் குச்சி தருமளவு மிகுதியாக இல்லை. நேரமும் ஒரு காரணம். விடியுமுன் பெரட்டுக்குச் சென்று நிற்கவேண்டிய பால்வெட்டுத் தொழிலாளிக்கு, இ-சிங் கூறுவது போலக் குச்சியை நெடுநேரம் மெல்லும் ஓய்வு எங்ஙனம் வாய்க்கும்? ஆகவே, அடுப்புக்கரியும் உப்பும் சாம்பலும் குச்சியின் இடத்தைப் பிடித்தன எனக் கருதலாம். தமிழகத்தில் உமிக்கரியும் செங்கற்பொடியும் பயன்பட்டமையால் இப்பழக்கம் புதிதன்று. ஆனால் ஊரில் பலவற்றுள் ஒன்றாக இருந்தது, தோட்டத்தில் பெரும்பாலோர்க்குரிய ஒரே வழியாயிற்று.

கருவி மாறியபோது செயலின் தன்மையும் மாறியது. குச்சியின் நுனி ஒரு பல்லின் அகலமே உடையது. அது பல்லுக்குப் பல் நகர்ந்தாக வேண்டும். கரி தொட்ட ஆள்காட்டி விரலோ ஒரே வீச்சில் கடைவாயிலிருந்து முன்வாய் வரை சென்று மீள்வது. அவ்வீச்சு பல்லின் புடைத்த நடுப்பகுதியையே தொடும். ஈற்றின் விளிம்பையும் பல்லிடுக்கையும் அது தொடுவதில்லை. அழுக்கு தங்குவது அவ்விடங்களிலேயே. தொட்ட இடத்தில் பல் தேய்ந்தது, தொடாத இடத்தில் ஈறு கெட்டது. கரித்துகள்கள் ஈற்றின் விளிம்பில் புதைந்து கருங்கோடாய் நிற்பதும் உண்டு.

பின்னர் வந்த பற்பொடிகள் நறுமணமும் நிறமும் கொண்டு, கரிக்கு மாற்றாக விளங்கின. இலங்கை வானொலியின் தமிழ் ஒலிபரப்பைக் கேட்டு வளர்ந்த தலைமுறையினர், கடல் கடந்த நாடுகளின் பெயர்களை வரிசையாக அடுக்கிய கோபால் பற்பொடி விளம்பரத்தை எளிதில் மறந்திரார். தமிழகத்தின் ஒரு பொருள் தமிழர் வாழும் நாடுகளையெல்லாம் ஒரே சந்தையாகக் கண்டமைக்கு அவ்விளம்பரம் நல்ல சான்று. ஆனால், பொடி மாறினும் விரல் மாறவில்லை.

பொடியால் விளையும் ஊறு அக்காலத்திலேயே ஆய்வுக்கூடத்தில் மெய்ப்பிக்கப்பட்டிருந்தது. அமெரிக்கரான வில்லோபி டேட்டன் மில்லர், பெர்லினில் நெடுங்காலம் பணியாற்றிய பல் மருத்துவ அறிஞர். அவர் தம் வாழ்வின் இறுதி ஆண்டான 1907-இல், பல் தேய்வு குறித்த விரிவான சோதனைகளை வெளியிட்டார். பிடுங்கப்பட்ட பற்களைத் தூரிகையாலும் பல்வேறு பொடிகளாலும் தேய்த்துப் பார்த்தவர், நீரும் தூரிகையும் மட்டும் செய்யும் தேய்வு மிகச் சிறிது என்றும், சொரசொரப்பான பொடி சேரும்போதே பல்லின் கழுத்துப் பகுதி ஆப்பு வடிவில் குடையப்படுகிறது என்றும் காட்டினார். எனாமல் உடலிலேயே மிகக் கடினமான பொருள், எளிதில் தேயாது. ஈறு சற்றே கீழிறங்கி வேர்ப்பகுதி வெளிப்பட்டுவிட்டால், அங்குள்ள டென்டைன் மென்மையானது. ஆதலின் விரைவில் குழியும். குளிர்நீர் பட்டதும் பல் கூசுவது அதனாலேயே. இன்று பற்பசைகளின் உராய்வுத்தன்மை அளவிடப்படுகிறது. பன்னாட்டுத் தர அளவையில் 250 என்னும் எண் அதன் மேல்வரம்பு. வீட்டுக் கரிக்கு அத்தகைய அளவை எதுவும் இல்லை. அண்மைக் காலத்தில் கரி, கறுப்புப் பற்பசை என்னும் புதுப்பெயரில் உயர்விலைக்கு விற்கப்படுவது விந்தையே. 2017-இல் அமெரிக்கப் பல் மருத்துவச் சங்கத்தின் இதழில் வெளிவந்த மீளாய்வு ஒன்று, கரி பாதுகாப்பானது என்பதற்கோ பயனுடையது என்பதற்கோ போதிய சான்று இல்லை எனக் கூறியது.

தூரிகையும் மலேரியா மருத்துவரும்

விலங்கு மயிரால் ஆன தூரிகை சீனத்தில் பல நூற்றாண்டுகளுக்கு முன்பே தோன்றியது. பன்றி மயிரால் செய்யப்பட்டமையின் இசுலாமியர் அதனை ஏற்கத் தயங்கியதில் வியப்பில்லை. இந்துக்களிடையே வேறொரு தடை இருந்தது. குச்சி ஒருமுறை பயன்பட்டபின் எறியப்படுவது. தூரிகையோ வாயிலிட்டதை மறுநாளும் வாயிலிடச் செய்வது. எச்சில் பற்றிய நம் எண்ணங்களோடு இது பொருந்தவில்லை. 1938-இல் அமெரிக்காவில் நைலான் இழைத் தூரிகை விற்பனைக்கு வந்தது. விலை குறைந்தது, மயிர் பற்றிய தடையும் நீங்கியது. ஆனால், தொடக்ககால நைலான் இழைகள் மிகக் கடினமானவை. பாத்திரம் துலக்கப் பழகிய கைக்கு அக்கடினம் குறையாகத் தோன்றவில்லை. அழுத்தித் தேய்ப்பதே தூய்மை என்ற எண்ணத்திற்கு அது வலுவூட்டிற்று.

முறையை மாற்றியவர் பல் மருத்துவர் அல்லர் என்பது இவ்வரலாற்றின் சுவையான திருப்பம். சார்லசு பாஸ் (1875–1975) என்பவர் நியூ ஆர்லியன்சில் உள்ள துலேன் பல்கலைக்கழகத்தின் மருத்துவப் பேராசிரியர். 1912-இல், பாஸ்டர் ஜான்சு என்பவருடன் இணைந்து, மலேரியா ஒட்டுண்ணியை உடலுக்கு வெளியே வளர்த்துக் காட்டியவர். மலாயாத் தோட்டங்களில் நம்மவரைக் கொத்துக் கொத்தாகக் கொன்ற அதே நோயின் கிருமியே அது. ஓய்வு பெற்றபின் அவர் நுண்நோக்கியைத் தம் வாயை நோக்கித் திருப்பினார் எனலாம். ஈற்றுக்கும் பல்லுக்கும் இடையிலுள்ள நுண்ணிய பள்ளத்தில்தான் நுண்ணுயிர்கள் படலமாகத் தங்குகின்றன என்றும், தூரிகை சென்று சேரவேண்டிய இடம் அதுவே என்றும் அவர் கண்டார். 1948-இல் தூரிகை எவ்வாறு இருத்தல் வேண்டும் என்று எழுதினார்: இழையின் தடிப்பு 0.007 அங்குலம், அதாவது ஏறத்தாழ 0.18 மில்லிமீட்டர், நுனிகள் உருட்டி மழுக்கப்பட்டவை. 1954-இல் அதனைப் பயன்படுத்தும் முறையை வெளியிட்டார்.

அம்முறை வருமாறு. தூரிகையின் இழைகள் பாதி பல்லின்மீதும் பாதி ஈற்றின் விளிம்பிலுமாகப் படுமாறு, பல்லுக்கு ஏறத்தாழ 45 பாகைச் சாய்வில் வைத்தல் வேண்டும். மேற்பற்களுக்கு இழைகள் மேல்நோக்கியும் கீழ்ப்பற்களுக்குக் கீழ்நோக்கியும் இருக்கும். மெல்ல அழுத்தி, இழைநுனிகள் இடம்பெயராதவாறு, மிகச் சிறிய அசைவாக முன்னும் பின்னும் பத்துப் பதினைந்து முறை அசைத்தபின் அடுத்த இரண்டு மூன்று பற்களுக்கு நகர்த்தல் வேண்டும். நெடிய வீச்சு கூடாது. முன்பற்களின் உட்புறத்திற்குத் தூரிகையை நெட்டுக்குத்தாகப் பிடித்தல் வேண்டும். பற்களின் வெளிப்புறம், உட்புறம், மெல்லும் பரப்பு ஆகிய மூன்றையும் முடிக்க இரண்டு நிமிடமாவது ஆகும். பல்லிடுக்குகளுக்குத் தூரிகை எட்டாது என்பதால் நூலையும் பாஸ் வலியுறுத்தினார். கை அளவுக்கு மீறி அழுத்துகிறதா என்பதைத் தூரிகையே காட்டிவிடும். மூன்று மாதத்திற்கு முன்பே இழைகள் புறம் வளைந்து விரிந்துவிட்டால் அழுத்தம் மிகுதி. வலக்கையால் துலக்குவோர்க்கு இடப்பக்கத்துக் கோரைப்பல்லையும் அதனை அடுத்த பற்களையும் ஒட்டிய ஈறே பெரும்பாலும் முதலில் இறங்குகிறது. கை அங்குதான் எளிதாக வலுவுடன் வீசப்படுகிறது. எலுமிச்சை முதலிய புளிப்பான பொருள்களை உட்கொண்டவுடன் துலக்குவதும் ஊறு விளைக்கும். அமிலத்தால் இளகிய எனாமல் மீண்டும் இறுக அரைமணி நேரமேனும் வேண்டும்.

கூர்ந்து நோக்கின், பாஸ் முறை குச்சியின் இயக்கத்தைத் தூரிகைக்கு மீட்டுத் தந்தது எனலாம். மென்மையான நுனி, சிறிய அசைவு, பல்லுக்குப் பல் நகர்தல் ஆகிய அனைத்தும் மீண்டும் வந்தன. சுசுருதரை அவர் படித்திருக்க வேண்டியதில்லை. வாயின் அமைப்பு இருவருக்கும் ஒன்றே.

பள்ளிக்கூடத்து வாய்க்கால் ஓரம்

நம் நாடுகளில் கையின் பழக்கத்தை மாற்றியதில் பள்ளிகளின் பங்கு பெரிது. நியூசிலாந்து 1921-இல் தொடங்கிய பள்ளிப் பல் தாதியர் திட்டத்தை முன்மாதிரியாகக் கொண்டு, 1949-இல் பினாங்கில் பல் தாதியர் பயிற்சிப் பள்ளி நிறுவப்பட்டது. சிங்கப்பூரில் பல் மருத்துவக் கல்வி அதற்கு முன்பே, 1929-இல், ஏழாம் எட்வர்டு மருத்துவக் கல்லூரியில் தொடங்கியிருந்தது. தாதியர் வந்தபின் பற்சொத்தைக்கு மருத்துவம் கிடைத்ததோடு, தூரிகையைப் பிடிக்கும் விதமும் கற்பிக்கப்பட்டது. 1970-களில் சிங்கப்பூர்த் தொடக்கப்பள்ளிகளில் மாணவர் வாய்க்கால் ஓரமாக வரிசையாகக் குந்தி, குவளையும் தூரிகையுமாகப் பல் துலக்கிய காட்சி ஒரு தலைமுறையின் பொது நினைவாக உள்ளது. மலேசியப் பள்ளிகளிலும் பல் துலக்கும் பயிற்சி நடைபெற்று வருகிறது. சிறுவரின் மணிக்கட்டு பாஸ் முறைக்குப் பழகாது என்பதால், அமெரிக்கரான ஆல்பிரட் போன்சு வகுத்த வட்ட முறை அவர்களுக்கு ஏற்றதாகக் கருதப்படுகிறது. ஏழு, எட்டு வயது வரை பெரியவர் ஒருவரின் கை உடனிருப்பதும் தேவை.

இக்காலப் பகுதியில் குழாய்நீரில் புளோரைடு சேர்க்கப்பட்டதும் (ஜொகூர் பாருவில் 1957-இல் இது தொடங்கிற்று) புளோரைடு கலந்த பற்பசை பரவியதும் பற்சொத்தையைக் குறைத்தன. ஆனால் ஈற்றைக் காப்பதற்கு இவை போதா. அதற்குக் கை வேண்டும்.

ஒஸ்லோவும் மலையகமும்

கையின்மையும் கையின் மிகுதியும் ஈற்றுக்கு என்ன செய்யும் என்பதை உலகுக்குக் காட்டிய ஆய்வில் நம் இனத்தவர் இடம்பெற்றனர். நார்வே நாட்டு அறிஞர் ஹரால்ட் லோ 1965-இல் ஒரு சோதனையை வெளியிட்டார். நலமான ஈறு உடைய 12 பேர் பல் துலக்குவதை நிறுத்தினர். பத்து முதல் இருபத்தொரு நாளுக்குள் அனைவர்க்கும் ஈற்றழற்சி தோன்றியது; துலக்கத் தொடங்கியதும் நீங்கியது. அவர்களுள் பெரும்பாலோர் பல் மருத்துவ மாணவர். மூன்று வாரத்தில் சோதனை முடிந்து அவரவர் தூரிகைக்குத் திரும்பினர்.

அதனை அடுத்து லோவும் அவர்தம் குழுவினரும் நெடுங்கால ஆய்வொன்றைத் தொடங்கினர். 1969-இல் ஒஸ்லோவில் 565 ஆண்கள் தெரிவு செய்யப்பட்டனர். 1970-இல் இலங்கையின் இரு தேயிலைத் தோட்டங்களில் 480 ஆண் தொழிலாளர் தெரிவு செய்யப்பட்டனர். இலங்கைத் தேயிலைத் தோட்டத் தொழிலாளருள் பெரும்பாலோர் இந்திய வம்சாவளித் தமிழர் என்பது அறிந்ததே. ஒஸ்லோவினர் கல்வி கற்றோர். குழந்தைப் பருவம் முதலே பல் மருத்துவ வசதி பெற்றோர். தோட்டத்தினர் வழக்கமான பல் துலக்கும் முறை எதனையும் மேற்கொள்ளாதோர். நோய்த்தடுப்புத் திட்டமோ மருத்துவமோ எட்டாதோர்.

1986-இல் வெளிவந்த அறிக்கை தோட்டத்தினரை மூன்றாகப் பகுத்தது. ஏறத்தாழ 8 விழுக்காட்டினர்க்குப் பல்லைத் தாங்கும் திசு விரைந்து அழிந்தது. 81 விழுக்காட்டினர்க்கு மிதமாக அழிந்தது. 11 விழுக்காட்டினர்க்கு ஈற்றழற்சிக்கு மேல் நோய் செல்லவில்லை. அவர்களிடம் பற்சொத்தை ஏறக்குறைய இல்லை. இழந்த பற்களை ஈற்றுநோயாலேயே இழந்தனர்.

1992-இல் வெளிவந்த ஒப்பீடே நம் பொருளுக்கு நெருக்கமானது. ஈறு கீழிறங்குதல் இரு குழுவினரிடத்தும் காணப்பட்டது. நன்றாகத் துலக்கிய ஒஸ்லோவினருள் இருபது வயதிலேயே 60 விழுக்காட்டினர்க்கு மேல் ஈறு இறங்கியிருந்தது. ஐம்பது வயதில் 90 விழுக்காட்டுக்கு மேல். ஆனால் அது பெரும்பாலும் பல்லின் வெளிப்புறத்தில், தூரிகை வன்மையாகப் படும் இடத்தில் மட்டுமே. தோட்டத்தினருள் இருபது வயதுக்கு முன்னர் 30 விழுக்காட்டினர்க்கு மேல், முப்பது வயதில் 90 விழுக்காட்டினர்க்கு, நாற்பதில் அனைவர்க்கும் ஈறு இறங்கியது. அது பல்லின் எல்லாப் பக்கங்களிலும் நிகழ்ந்தது. முதலாவது கையின் வன்மையால் வந்தது, இரண்டாவது தங்கிய படலத்தால் வந்தது என ஆய்வாளர் பிரித்தறிந்தனர்.

ஈறு இறங்குவதற்கு இருவேறு காரணங்கள் உண்டென்னும் அறிவு இவ்வொப்பீட்டினால் உறுதிப்பட்டது; அதன் மதிப்பை மறுப்பதற்கில்லை. எனினும் ஆய்வின் தலைப்பில் உள்ள ஒரு சொல்லை இங்குக் கருதவேண்டும். அது ‘ஈற்றுநோயின் இயற்கை வரலாறு’ எனப்பட்டது. மருத்துவ வழக்கில் மருத்துவம் குறுக்கிடாத நோயின் போக்கை அச்சொல் குறிக்கும். வரலாற்று மாணவர்க்கோ, அத்தோட்டங்களில் மருத்துவம் குறுக்கிடாதிருந்தது இயற்கையன்று. லயத்து வாழ்க்கையும், விடியுமுன் தொடங்கும் வேலையும், பல் மருத்துவரின் இன்மையும் தோட்ட முறையின் விளைவுகள். மலாயாத் தோட்டத்தினரின் வாய்நலத்திற்கு இத்தகைய பட்டியல் கிடைப்பின், இரண்டையும் ஒப்பிட்டு நோக்குதல் பயன் தரும். கரியையும் உப்பையும் கையாண்ட முதியோர் நம்மிடையே இன்னும் சிலர் உளர். அவர்தம் வாய்மொழியைத் தொகுப்பதற்குக் காலம் மிகுதியாக இல்லை.

இலங்கைக் குழுவினரை ஆய்வாளர் 2010-இல் மீண்டும் தேடிச் சென்றனர். 480 பேருள் 75 பேரையே காண முடிந்தது. 1970-இல் பதினான்கு வயதில் கணக்கெடுக்கப்பட்டோர் அப்போது ஐம்பத்து நான்கு வயதினர். நாற்பது ஆண்டுகளில் ஈற்றுநோயால் ஒரு பல்லையும் இழக்காதோர் அவருள் இருந்தனர். 28 பற்களை இழந்தோரும் இருந்தனர்.